பாதிக் கட்டணம் கைகொடுக்குமா?

கேள்வி: தனியாக மசாஜ் தெரபி அறை தொடங்கி 6 மாதம் ஆகிறது. பாதிக் கட்டணச் சலுகை அறிவித்தபோது கூட்டம் வந்தது. சலுகை முடிந்ததும் யாரும் திரும்பவில்லை. மறுபடி அறிவிக்கலாமா?

பதில்: வேண்டாம் தங்கையே. முதல் வருடம் நானும் அதைத்தான் செய்தேன். கை வலித்ததுதான் மிச்சம். சலுகைக்காக வந்தவர் அடுத்த சலுகையைத் தேடிப் போய்விடுவார்.

சிகிச்சையின் கடைசி 5 நிமிடத்தைக் கவனியுங்கள். எழுந்தவரிடம் கழுத்தைத் திருப்பிப் பார்க்கச் சொல்வேன். வரும்போது பாதியில் நின்ற கழுத்து இப்போது தோள்வரை போகிறதே என்று அவரே வியப்பார். ‘இடது தோள் இன்னும் இறுக்கமாக இருக்கிறது, 2 வாரத்தில் வாருங்கள்’ என்று அப்போதே நாள் குறித்துவிடுவேன். அவர் போனதும் அட்டையில் எழுதி வைப்பேன். அடுத்த முறை ‘அந்த இடது தோள் எப்படி?’ என்று கேட்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்!

கூகுள் மேப்ஸில் நேரமும் அறையின் படமும் சரியாக இருக்கட்டும். திருப்தியாகப் போகிறவரிடம் நாலு வரி எழுதச் சொல்லுங்கள், போதும்.

அப்புறம், பக்கத்துப் பிசியோதெரபிஸ்டுகளை நேரில் பார்த்து அறிமுகமாகுங்கள், மசாஜ் தேவைப்படுபவரை உங்களிடம் அனுப்பலாம். நீங்களும் அனுப்ப வேண்டியவரை அனுப்பத் தயங்காதீர்கள். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் சூடும் இருந்தால் அழுத்தாமல் உடனே மருத்துவரிடம் அனுப்புங்கள், ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம். அப்படி நான் அனுப்பிய ஒருவர், பிறகு தன் குடும்பத்தையே என்னிடம் கூட்டி வந்தார்.