காணி உறுதி அலுமாரியிலேயே இருக்கட்டும்

மகளின் மேற்படிப்புக்கு ஆலோசனை கேட்டு, சங்கானைப் பக்கமிருந்து அவளோடு என்னிடம் வந்த அம்மாவுக்கு வணக்கம். அன்று பிள்ளையை வைத்துக்கொண்டு நாலு ஆறுதல் வார்த்தைதான் சொல்லக்கூடியதாக இருந்தது. இப்போது எழுதுவது ஆறுதலாக இராது. உங்களைப் போல இன்னும் எத்தனையோ வீடுகள் இதே யோசனையில் இருப்பதால், நீங்கள் சம்மதித்தபடி, பெயர் சொல்லாமல் எல்லோரும் வாசிக்க எழுதுகிறேன்.

மகள் உயிரியல் பிரிவில் இரண்டு தரம் உயர்தரம் எழுதினாள். மூன்று பாடமும் சித்தி, ஆனால் மருத்துவ பீடத்துக்கு இசட் புள்ளி எட்டவில்லை. கனடாவில் இருக்கும் உங்கள் தமையனார், "வெளிநாட்டில எம்.பி.பி.எஸ். படிக்கட்டும், பாதிக் காசு நான் போடுறன்" என்கிறார். மற்றப் பாதிக்கு இருக்கிற வீட்டுக் காணியை ஈடு வைக்க யோசிக்கிறீர்கள். இதற்கிடையில் பிள்ளை பத்திரிகையில் வந்த விளம்பரம் ஒன்றை வெட்டிக்கொண்டு வந்து நிற்கிறாள். மறைந்த சமூகத் தொண்டர் ஒருவரின் நினைவாக, கிராம அபிவிருத்தி வேலைக்கு இளையோரைப் பயிற்றும் ஓராண்டுப் புலமைப்பரிசில். "இதுவும் ஒரு படிப்பே?" என்று கேட்டீர்கள்.

படிப்புத்தான். உங்கள் பிள்ளைக்கு இன்றைக்கு முன்னால் இருக்கிற வழிகளில் நல்லதும் அதுதான்.

முதலில் காசை எடுப்போம். வெளிநாட்டு மருத்துவப் படிப்பு ஐந்து, ஆறு வருடம். கட்டணம் டொலரில். 2022 மார்ச்சில் ரூபாயை மிதக்க விட்டபோது 200 ரூபாய் மட்டில் நின்ற டொலர் சில வாரங்களில் 350ஐத் தாண்டியது. அந்த நேரம் பிள்ளையை வெளியே படிக்க விட்டிருந்த வீடுகளில் அதே தவணைக் காசு ஒன்றே முக்கால் மடங்காகியது. பாதியில் நிறுத்தவும் முடியாது, கட்டவும் வழியில்லை. பட்டத்தோடு திரும்பி வந்தாலும் உடனே வைத்தியர் ஆகிவிட முடியாது. இலங்கை மருத்துவ சபையில் பதிவதற்கு வெளிநாட்டில் படித்தவர்களுக்கென்று தனிப் பரீட்சை இருக்கிறது. அதில் சித்தியடைந்து, உள்ளகப் பயிற்சி முடித்த பிறகுதான் தொழில். அதுவரை ஈட்டு வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். தமையனாரின் நல்ல மனதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் மூன்றாம் வருடம் அவருக்கு வேலை போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன், நீங்கள் பதில் சொல்லவில்லை. குடியிருக்கிற காணியை ஈடு வைத்துப் பிள்ளையைப் படிப்பிக்க வேண்டாம். இதில் நான் இரண்டு பக்கமும் கதைக்க மாட்டேன்.

அதைவிடப் பெரிய விஷயம், பிள்ளைக்கு வைத்தியப் படிப்பில் விருப்பமே இல்லை. நீங்கள் தொலைபேசியில் கதைக்க வெளியே போன நேரம் தன் கைப்பையிலிருந்து ஒரு கடன் அட்டையை எடுத்துக் காட்டினாள். அயலில் இருக்கும் அக்கா ஒருவரின் நுண்கடன் அட்டையின் போட்டோப்பிரதி. 50,000 ரூபாய் கடன், 24 சதவீத வட்டி, பன்னிரண்டு மாதத்தில் 62,000 கட்டி முடிக்க வேண்டும். "24 எண்டுதான் போட்டிருக்கு, ஆனா மாசா மாசம் முதலும் குறைஞ்சுகொண்டு போகுதுதானே, பிறகும் முழு 50,000க்கும் ஏன் வட்டி?" என்று கேட்டாள். சரியான கேள்வி. குறைந்து வரும் மீதிக்குக் கணக்குப் பார்த்தால் அந்த வட்டி 40 சதவீதத்தைத் தாண்டும். இப்படியான கடன்களில் பெண்கள் மூழ்கித்தான் 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கு உட்பட்ட நுண்கடன்களை அரசே தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது. உங்கள் ஊர் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் கணக்குக் கொப்பியைக் கொஞ்சக் காலமாக அவள்தான் எழுதுகிறாள் என்பதும் அன்றுதான் தெரிந்தது. நீங்கள் அதைப் பொழுதுபோக்கு என்றீர்கள். ஒரு பிள்ளை யாரும் சொல்லாமல் தானாகப் போய்ச் செய்கிற வேலை எது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

ஆசிரியர் கலாசாலை, வங்கிப் பரீட்சை, கணினி டிப்ளோமா எல்லாம் உங்களுக்குத் தெரிந்தவை. அவற்றுக்கு என்னுடைய ஆலோசனை தேவையில்லை. இந்தப் பயிற்சியில் என்ன நடக்கும் என்பதுதான் ஒருவரும் உங்களுக்குச் சொல்லாதது.

இந்த மாதிரிப் பயிற்சிகளில் வகுப்பு கொஞ்சம், ஊர் அதிகம். முதல் மாதங்களில் பிள்ளை ஒரு கிராமத்தில் வீடு வீடாகப் போவாள். படிவத்தை நீட்டிக் கேள்வி கேட்பதல்ல வேலை. ஊர்ச்சனத்தைக் கோவில் முன்றலிலோ சனசமூக நிலையத்திலோ இருத்தி, அவர்கள் கையாலேயே நிலத்தில் ஊர் வரைபடம் போட வைப்பார்கள். எந்தக் கிணறு நன்னீர், எது உவர், மழைக்கு எந்த ஒழுங்கை வெள்ளம் நிற்கும், எந்த வீட்டில் பெண் தனியாகப் பிள்ளைகளை வளர்க்கிறாள் என்பதெல்லாம் அதில் வரும். பிறகு பருவ நாட்காட்டி. சோளகக் காற்று எப்போது எழும்பும், வாடைக் காற்று தொடங்கினால் கடற்றொழிலாளி எத்தனை நாள் கரையில் இருப்பான், வெங்காயம் எப்போது கிண்டுவார்கள், பனம்பழம் விழுகிற மாதத்தில் பெண்களுக்கு என்ன வேலை. இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் ஒரு வீட்டில் எந்த மாதம் கையில் காசு இல்லை, எந்த மாதம் கடன்காரன் படலையைத் தட்டுவான் என்று விளங்கும். புளியங்கொட்டைகளைக் கொடுத்து எந்தப் பிரச்சினை பெரியது என்று குவிக்கச் சொல்வார்கள். எழுத்து வாசிக்கத் தெரியாத ஆச்சிக்கும் அதில் ஒரு குரல் உண்டு.

அடுத்தது கணக்கு. சங்கத்தின் காசேட்டை எழுதுவது, கூட்ட அறிக்கை எழுதுவது, கையிருப்பையும் வங்கிப் புத்தகத்தையும் ஒப்பிடுவது. பிரதேச செயலகத்தில் எந்த உத்தியோகத்தரிடம் எந்தக் கடிதத்தோடு போக வேண்டும், விதானையார் (கிராம அலுவலர்) எதில் ஒப்பமிடலாம், எதில் முடியாது என்பதும் படிப்பில் சேரும். கொஞ்சம் விஞ்ஞானமும் வரும், அங்கேதான் மகளின் உயர்தர இரசாயனவியல் உதவும். நமது யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடுகிற ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கி நிற்கிற மழைத் தண்ணீரைத்தான் குடிக்கிறோம். தோட்டத்துக்குப் போடுகிற யூரியா நைத்திரேற்றாக அதே தண்ணீருக்குள் இறங்குகிறது. உலக சுகாதார அமைப்பு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றுக்கு மேல் போகக் கூடாது என்கிறது. தோட்டங்களை ஒட்டிய கிணறுகள் பல அந்த எல்லையைத் தாண்டியவை. இதை ஒரு தோட்டக்காரரிடம் அவர் கோபிக்காமல், பயப்படாமல் எடுத்துச் சொல்லி, பசளையைக் குறைக்க வைப்பது எவ்வளவு பெரிய கெட்டித்தனம் என்று யோசித்துப் பாருங்கள்.

"படிச்ச பிள்ளை ஊர் வேலைக்குப் போறதோ" என்று உங்கள் மச்சாள் கேட்டதாகச் சொன்னீர்கள். 1924இல் ஹண்டி பேரின்பநாயகம் போன்ற படித்த இளைஞர்கள் இங்கே மாணவர் காங்கிரஸ் தொடங்கினார்கள், 1927இல் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு வரவழைத்தவர்களும் அவர்களே. தெற்கில் 1958இல் கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியர் ஆரியரத்ன தன் மாணவர்களைக் கனத்தொலுவ என்ற கிராமத்துக்குச் சிரமதானத்துக்குக் கூட்டிப் போனார். சர்வோதயம் என்ற கிராம எழுச்சி இயக்கம் அங்கே தொடங்கியது. மச்சாளுக்கு இதைச் சொல்லலாம். சொல்லாமல் விட்டாலும் நட்டமில்லை, மகளின் வாழ்க்கையை மச்சாள் வாழப்போவதில்லை.

இந்த ஒரு வருடத்தோடு நின்றுவிடக் கூடாது என்பதிலும் நான் உறுதி. சீதுவையில் உள்ள தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகம் சமூகப்பணியில் டிப்ளோமாவும் பட்டப்படிப்பும் நடத்துகிறது. அடுத்த அனுமதி எப்போது, எந்த மொழியில் வகுப்பு என்று இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். சில வருடம் ஓர் ஊரமைப்போடு உண்மையாக வேலை செய்தால் யப்பானில் தொச்சிகி மாகாணத்தில் இருக்கும் ஆசிய கிராமிய நிறுவனத்துக்கு அந்த அமைப்பே அவளை அனுப்பலாம். 1973இல் தகாமி என்ற போதகர் தொடங்கியது, 1996இல் அவருக்கு ஆசியாவின் பெரிய விருதான மக்சேசே விருது கிடைத்தது. ஏப்ரலில் தொடங்கி ஒன்பது மாதம். பல நாட்டுக் கிராமத் தொண்டர்கள் ஒன்றாக இருந்து, தாங்கள் உண்பதைத் தாங்களே பயிரிட்டுப் படிப்பார்கள். தன் ஊருக்குத் திரும்பி வருபவர்களுக்கான இடம் அது. நேர்முகத்தில் ஆங்கிலம் கேட்பார்கள், ஆகவே மகள் இன்றிலிருந்து ஆங்கிலம் பேசிப் பழகட்டும்.

அரச வேலை கிடைக்கும் என்று நான் உறுதி தரமாட்டேன். முதல் சில வருடச் சம்பளம் சின்னது. வைத்தியரின் வருமானம் இதில் வராது. ஆனால் கடன் இல்லாமல் தொடங்குகிற பிள்ளைக்குச் சின்னச் சம்பளமும் முழுச் சம்பளம்.

விண்ணப்பத்துக்கு முன் நடத்துபவர்களிடம் நேரில் போய்க் கேளுங்கள். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம் என்று ஒரு சதம் கேட்டாலும் எழும்பி வந்துவிடுங்கள். புலமைப்பரிசில் என்றால் அவர்கள்தான் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும். மாதக் கொடுப்பனவு பஸ் காசுக்கும் சாப்பாட்டுக்கும் காணுமா? நினைவு நிதி நிலையான வைப்பில் இருக்கிறதா, அல்லது வருடா வருடம் வெளிநாட்டில் சேர்த்து அனுப்புகிறார்களா? இரண்டாவதானால் இடையில் நின்றுபோகலாம். மேற்பார்வைக்குப் பெண் ஒருவர் இருக்கிறாரா, இருட்டுப்பட்ட பிறகு ஊர்க் கூட்டம் வைத்தால் பிள்ளையை வீட்டில் கொண்டுவந்து விடுவது யார்? நடுவில் விலகினால் காசு கட்டச் சொல்லும் பிணைமுறியில் கையெழுத்து வாங்குகிறார்களா? அப்படி ஒன்று இருந்தால் என்னிடம் காட்டாமல் ஒப்பமிட வேண்டாம். கலியாணப் பேச்சுக்குத் தடங்கல் வரும் என்று மெல்லச் சொன்னீர்கள். ஈட்டில் இருக்கிற காணியும் பேச்சுக்குத் தடங்கல்தான், அம்மா.

மகளிடம் சொல்லுங்கள், நேர்முகத்துக்குப் போகும்போது சான்றிதழ்களோடு அந்தச் சங்கக் கணக்குக் கொப்பியையும் கடன் அட்டைக் கணக்கையும் கொண்டுபோகட்டும். தமையனாரோடு நானே கதைக்கிறேன். வருகிற ஞாயிறு பின்னேரம் ஆறு மணிக்கு, அங்கே விடிந்திருக்கும், அலுவலகத்துக்கு வந்து அழைப்பு எடுத்துத் தாருங்கள். அவர் போட நினைத்த காசில் ஒரு சிறு பங்கை மகளின் பெயரில் வங்கியில் வைப்பிலிடச் சொல்லிக் கேட்கப் போகிறேன். சீதுவைக்குப் போகிற வருடம் தங்குமிடத்துக்கு அது தேவைப்படும்.