மாயாவின் படம் பார்த்துவிட்டுப் பாட்டுக்கு வந்தவர்களுக்கு: கேள்வி பதில்

லண்டன் பாடகி மாயா அருள்பிரகாசம், மேடைப்பெயர் எம்.ஐ.ஏ. அவரைப் பற்றி 2018இல் வந்த 'மாதங்கி/மாயா/எம்.ஐ.ஏ.' ஆவணப்படத்தைப் பார்த்துவிட்டுப் பலர் கேட்டிருக்கிறீர்கள். முடிந்தவரை பதில் எழுதுகிறேன்.

கேள்வி: இத்தனை வருஷமாக 'பேப்பர் பிளேன்ஸ்' தவிர மற்றதெல்லாம் எனக்கு வெறும் இரைச்சல். படம் பார்த்த பிறகு அதே பாட்டுகள் பிடிக்கின்றன. எனக்குப் பிடித்தது பாட்டா, அவர் கதையா?

நல்ல கேள்வி, இதற்காகவே உட்கார்ந்தேன். படத்தில் நாம் பார்ப்பதில் பெரும்பகுதி மாயாவே பல வருஷமாகக் கேமராவில் பிடித்து வைத்தது. இயக்குநர் ஸ்டீவ் லவ்ரிட்ஜ் அவருடைய கல்லூரி நண்பர், இருவரும் லண்டன் சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸில் படித்தவர்கள். மாயா முதலில் ஆக விரும்பியது ஆவணப்பட இயக்குநர். 2001இல் இலங்கைக்குப் போய்ப் பாட்டி, சொந்தக்காரர் எல்லாரையும் படம் பிடித்ததும் அந்த ஆசையில்தான். அப்புறம் ரோலண்ட் எம்.சி. 505 என்ற சின்ன தாள இயந்திரம் கைக்கு வந்தது, பாட்டுப் பக்கம் திரும்பினார். ஆனால் பாட்டைக் கட்டுகிற விதம் படத்தொகுப்புக்காரருடையதாகவே இருந்துவிட்டது. எங்கெங்கோ பிடித்த சத்தங்களை வெட்டிப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார், இடையில் பூசி மெழுகமாட்டார். 'காலா' தொகுப்பின் முதல் பாட்டு 'பாம்பூ பாங்கா'வில் 'தளபதி'யின் காட்டுக்குயிலு வருகிறது. 'பேர்ட் ஃப்ளூ'வில் சென்னையில் பதிவு செய்த உறுமி. மெட்டைத் தேடிக் கேட்டால் இரைச்சலாகத்தான் இருக்கும். வெட்டு எங்கே விழுகிறது என்று கவனித்தால் பாட்டு பிடிபடும். படம் உங்களுக்குப் பழக்கியது அதைத்தான். அதனால் உங்களுக்குப் பிடித்தது பாட்டே, சந்தேகம் வேண்டாம்.

ஒன்று மட்டும்: போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். அடியில் ஓடுகிற பாஸ், அதாவது கனமான தாழ்ந்த ஒலி, அதில் வரவே வராது, மேலே இருக்கிற கூச்சல்தான் மிஞ்சும்.

கேள்வி: எந்த ஆல்பத்தில் ஆரம்பிக்கலாம்?

2007இன் 'காலா'. அது அம்மா பெயர். பிறகு 2005இன் 'அருளர்', அது அப்பா பெயர். 2010இன் 'மாயா' கரடுமுரடானது, அதைக் கடைசிக்கு வையுங்கள். போன் ஸ்பீக்கர் வேண்டாம்.

கேள்வி: அவர் அப்பா விடுதலைப் புலியா?

இல்லை. அருளர் ஈரோஸ் என்ற ஈழப் போராளி இயக்கத்தை நிறுவியவர்களில் ஒருவர். ஈரோஸ் வேறு, புலிகள் வேறு.

கேள்வி: பத்து பதினொரு வயதில் லண்டன் போனவர். சண்டையின் கடைசி வருஷங்களை அனுபவித்தவர்கள் வன்னியில் இருந்தார்கள். இவர் அந்த வலியை வைத்துப் பெயர் வாங்கினார் என்பதுதான் என் கருத்து.

உங்கள் கோபம் புரிகிறது, ஆனால் ஒத்துக்கொள்ளமாட்டேன். ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணம் போய், அங்கேயே வளர்ந்து, 1986இல் அகதியாக லண்டன் திரும்பிய பிள்ளை அவர். 2009இல் வெளியுலகத்தில் இதைப் பற்றிப் பேச எத்தனை பிரபலங்கள் இருந்தார்கள்? அந்த பிப்ரவரியில் நிறைமாத வயிற்றோடு கிராமி மேடையில் ஆடினார், கேமராக்கள் எல்லாம் அவர் மேல்தான். அந்தக் கவனத்தை அவர் பேட்டிகளில் வன்னிப் பக்கம் திருப்பினார். தொகுப்பாளர்கள் பேச்சை மாற்றுவதைப் படத்திலேயே பார்க்கலாம்.

அதே வாசகர்: பேசினார், சரி. ஆனால் அவர் பாட்டிலும் அட்டைப் படங்களிலும் வன்முறை அலங்காரமாக வருகிறதே?

இது முதல் கேள்வியைவிடக் கனமானது. 'அருளர்' அட்டையில் துப்பாக்கியும் டாங்கியும் ஸ்டென்சில் அச்சில் வண்ண வண்ணமாக இருக்கின்றன, அது எனக்கும் உறுத்துகிறது. ஆனால் 'பேப்பர் பிளேன்ஸ்'சின் துப்பாக்கிச் சத்தத்தை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அமெரிக்க விசா கிடைக்காமல் இழுபட்ட சமயத்தில் எழுதிய பாட்டு அது. குடியேறி வந்தவன் என்றாலே கொள்ளைக்காரன் என்று பார்க்கிறவர்கள் மனதில் கேட்கும் சத்தத்தைப் பல்லவியிலேயே வைத்துவிட்டார், கூடவே கல்லாப்பெட்டிச் சத்தமும். இதை அலங்காரம் என்று என்னால் சொல்ல முடியாது.

இன்னொரு வாசகர், யாழ்ப்பாணம்: நாங்கள் இங்கேயே இருந்தோம். அவர் எங்கள் சார்பில் பேசவேண்டும் என்று நாங்கள் கேட்கவும் இல்லை, பேசியதில் வருத்தமும் இல்லை. எங்கள் பாட்டி மாதிரி ஒரு பாட்டியை அந்தப் படத்தில் பார்த்தது பிடித்தது.

நன்றி. இதற்கு மேல் நான் சொல்ல ஒன்றும் இல்லை.

கேள்வி: படத்தில் பாட்டே குறைவாக இருக்கிறதே?

ஆமாம், மாயாவே அதைக் குறையாகச் சொன்னார். சண்டான்ஸ் திரைப்பட விழாவில் நடுவர் சிறப்பு விருது வாங்கிய படம்தான், ஆனாலும் அந்தக் குறை நியாயமானது. நண்பர் எடுத்த படம் என்பதையும் மறக்கவேண்டாம். அதை முழு வாழ்க்கை வரலாறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: ரஹ்மானோடு சேர்ந்து செய்தது எது?

'ஓ... சாயா', 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்தில். ஆஸ்கர் பரிந்துரை வரை போனது.

கேள்வி: அமெரிக்கக் கால்பந்து இறுதிப்போட்டியான சூப்பர் பௌலில் நடுவிரல் காட்டியது ஏன்?

காரணத்தை அவர் பேட்டிகளில் தேடுங்கள். எனக்கு அந்த விரலைவிட அதற்குப் பின்னால் வந்த வழக்கு முக்கியம்: 2012இல் மடோனாவோடு மேடையில் ஒரு நொடி காட்டியதற்கு போட்டியை நடத்தும் என்.எஃப்.எல். அமைப்பு கேட்ட தொகை 1.66 கோடி டாலர். 2014இல் சமரசமாக முடிந்தது.

கேள்வி: அப்பா புலிதானே, ஏன் மழுப்புகிறீர்கள்?

மேலே இருக்கிறது. படித்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: 'பேர்ட் ஃப்ளூ' கேட்டேன், உறுமி கேட்கவே இல்லை. போனில்தான் கேட்டேன்.

ஹெட்போன் மாட்டிக்கொண்டு இன்னொரு முறை கேளுங்கள்.