ஹாஸ்கெலிலிருந்து ஷேர்ட் லைப்ரரி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஹாஸ்கெல் நிரல்மொழியில் எழுதிய மாட்யூல் ஒன்றை, சி நிரலிலிருந்து அழைப்பதற்காக லினக்ஸில் ஷேர்ட் லைப்ரரியாக்க (நிரல் ஓடும்போது ஏற்றப்படும் கோப்பாக்க) முயல்கிறேன். ஹாஸ்கெலின் ஜிஹெச்சி கம்பைலருக்கு ‘-ஷேர்ட்’ கொடுத்தேன். ‘-எஃப்பிக் சேர்த்து மீண்டும் கம்பைல் செய்’ என்றது லிங்கர் (கம்பைல் ஆன கோப்புகளை இணைக்கும் கருவி). சேர்த்த பிறகும் அதையேதான் சொல்கிறது. ஏன்?

பதில்: பிழைச் செய்தியில் எந்தக் கோப்பின் பெயர் வருகிறது என்று பாருங்கள். அது உங்கள் மாட்யூலாக இருக்காது. ‘பேஸ்’ போன்ற, கம்பைலரோடு வரும் லைப்ரரியின் ஸ்டாட்டிக் ஆர்கைவாக (நிரலுக்குள்ளேயே சேர்க்கப்படும் வடிவமாக) இருக்கும். ஷேர்ட் லைப்ரரி நினைவகத்தில் எந்த முகவரியிலும் ஏற்றப்படலாம். அதனால் நிலையான முகவரியை நம்பி கம்பைல் செய்யப்பட்ட குறியீட்டை அதற்குள் சேர்க்க முடியாது. எந்த முகவரியிலும் இயங்கும்படி கம்பைல் செய்யச் சொல்வதே எஃப்பிக். அதை உங்கள் கோப்புக்கு மட்டும் போட்டு என்ன பயன்? ‘-டைனமிக்’கும் சேருங்கள். அப்போது பேஸின் ஷேர்ட் வடிவம் இணைக்கப்படும். ஆக, வேண்டியவை மூன்று: -டைனமிக், -ஷேர்ட், -எஃப்பிக்.

அழைக்க வேண்டிய ஃபங்ஷனுக்கு மாட்யூலில் ‘ஃபாரின் எக்ஸ்போர்ட் சிகால்’ அறிவிப்பு இருக்க வேண்டும். அதிலிருந்துதான் சி-க்கான ‘ஸ்டப்’ ஹெடர் (ஃபங்ஷனின் அறிவிப்பு உள்ள கோப்பு) உருவாகும். ஹாஸ்கெலில் வகை ‘இன்ட்’ என்றால் இன்றைய 64 பிட் கணினிகளில் 64 பிட். சி-யின் இன்ட் 32 பிட். சி-யின் இன்ட்டுக்குச் சமமான ‘சிஇன்ட்’ போடுவதே நல்லது. சி நிரலையும் ஜிஹெச்சியைக் கொண்டே, ‘-நோ-ஹெச்எஸ்-மெயின்’ (மெயின் ஹாஸ்கெலில் இல்லை என்று சொல்வது) கொடுத்து லிங்க் செய்தால் ஹெடர் பாதைகளைத் தேடி அலைய வேண்டாம்.

இதில் ஒரு விலை உண்டு. பேஸ் உள்ளிட்ட லைப்ரரிகளை உங்கள் கோப்பு தேடுவது, ஜிஹெச்சி நிறுவப்பட்ட டைரக்டரியில். ஜிஹெச்சி இல்லாத கணினிக்குக் கொண்டுபோனால் ஏறாது. தேவையான லைப்ரரிகளைப் பட்டியலிடும் ‘எல்டிடி’ கட்டளை காட்டும் ஹாஸ்கெல் லைப்ரரிகள் அனைத்தையும் உடன் வைத்து, ‘பேட்ச்எல்ஃப்’ என்ற கருவி கொண்டு தேடும் பாதையை மாற்றுங்கள்.

கேள்வி: அதே லைப்ரரியை, சி லைப்ரரிகளை அழைக்க உதவும் பைதானின் சிடைப்ஸ் மாட்யூலில் ஏற்றினால் ‘எஸ்டிஜி’ என்று தொடங்கும் சிம்பல் (ஒரு ஃபங்ஷன் அல்லது தரவின் பெயர்) கிடைக்கவில்லை என்று நின்றுவிடுகிறது.

பதில்: அந்த சிம்பல் ஹாஸ்கெல் ரன்டைமுக்குள் (ஹாஸ்கெல் நிரலை ஓடவைக்கும் பகுதிக்குள்) இருப்பது. திரெட் உள்ள ரன்டைமா, இல்லாததா என்பதை இறுதி நிரலே முடிவு செய்யட்டும் என்று, ஷேர்ட் லைப்ரரியில் ஜிஹெச்சி அதை இயல்பாகச் சேர்ப்பதில்லை. பைதானுக்கு அதெல்லாம் தெரியாது. லைப்ரரி கட்டும்போதே ‘-எஃப்லிங்க்-ஆர்டிஎஸ்’ கொடுங்கள். பல திரெட்களிலிருந்து அழைப்பீர்கள் என்றால் ‘-திரெடட்’டும் வேண்டும்.

முதல் அழைப்புக்கு முன், ரன்டைமைத் தொடங்கும் ‘ஹெச்எஸ்_இனிட்’டை அழைக்க வேண்டும். அதன் இரண்டு ஆர்கியுமென்ட்டும் நல் (வெற்றுப் பாயின்டர்) ஆக இருக்கலாம். இதை மறந்தால் பெரும்பாலும் செக்மென்டேஷன் ஃபால்ட்தான் (தவறான நினைவக அணுகலால் நிரல் நின்றுபோவது). ‘ஹெச்எஸ்_எக்ஸிட்’ அழைத்து ரன்டைமை மூடிவிட்டால் அதே ப்ராசஸில் திரும்பத் தொடங்க முடியாது. ஆகவே ஒவ்வொரு அழைப்பையும் சுற்றி இனிட்-எக்ஸிட் போடும் வழக்கம் இங்கே உதவாது.

கேள்வி: ஹாஸ்கெல் திருப்பித் தரும் ஸ்ட்ரிங்கை யார் விடுவிப்பது?

பதில்: ஸ்ட்ரிங்கை சி-க்கான நினைவகத்தில் நகலெடுக்கும் ‘நியூசிஸ்ட்ரிங்’ தந்தது என்றால் அழைத்தவர்தான், ‘ஃப்ரீ’ மூலம். சிடைப்ஸில் திரும்பும் வகையை ‘சி_சார்_பி’ என்று வைத்தால் பைதான் அதை பைட்ஸாக மாற்றிவிடும். விடுவிக்கத் தேவையான பாயின்டர் கைவிட்டுப் போகும். ‘சி_வாய்ட்_பி’ என்று வையுங்கள்.

கேள்வி: பிழையைப் பிடிக்க ஹாஸ்கெலில் ‘ட்ரை’ போட்டும் எக்ஸெப்ஷன் வெளியேறிப் பைதானையே முடித்துவிடுகிறதே?

பதில்: சோம்பல் கணக்கீடு! அதாவது, தேவைப்படும்வரை ஹாஸ்கெல் எதையும் கணக்கிடாது. ‘ட்ரை’க்குள் ‘ரிட்டர்ன்’ மட்டும் இருந்தால் அங்கே எதுவும் கணக்கிடப்படுவதில்லை. பிழை பிறகுதான் வெடிக்கிறது. அங்கேயே கணக்கிட வைக்க ‘இவால்யுவேட்’ போடுங்கள். அதுவும் மதிப்பின் வெளி அமைப்பு வரைதான் போகும். பட்டியல், ஸ்ட்ரிங் என்றால் உள்ளே முழுவதும் கணக்கிட ‘ஃபோர்ஸ்’ஸும் சேர்க்க வேண்டும்.