பதில்: ஓடைக்கரையில் கிடைத்த கோடு கீறிய பானை ஓடுகள்

கிழக்கு டெக்சஸில் வாங்கிய நிலத்தில், மழைக்குப் பின் ஓடைக்கரையில் கோடு கீறிய ஓடுகள் கிடைத்ததாகவும், கழுவிவிட்டுத் தோண்டிப் பார்க்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். முதலில் கழுவுவதை நிறுத்துங்கள். அந்தப் பகுதியின் பூர்வகுடிகளான கேடோ மக்கள் பானையைச் சுட்ட பிறகும் கூரிய முனையால் கோடு கீறி, அந்தப் பள்ளத்தில் செங்காவியோ வெள்ளைக் களிமண்ணோ தேய்ப்பதுண்டு. பிரஷ் போட்டால் அது போய்விடும்.

ஒரு ஓட்டை வெயிலில் சாய்த்துப் பாருங்கள். கோட்டின் ஓரத்தில் மண் லேசாக மேடுகட்டியிருந்தால் ஈரத்தில் கீறியது. ஓரம் பொடிப்பொடியாகச் சிதைந்திருந்தால் காய்ந்த பிறகோ சுட்ட பிறகோ கீறியது. உடைந்த விளிம்பில் சின்னச் சின்ன ஓட்டுத் துண்டுகள் தெரிகின்றனவா? பழைய பானையை இடித்துக் களிமண்ணோடு பிசைவது அங்கே சகஜம். சிதைந்த ஓரமும் ஓட்டுத் துண்டுகளும் சேர்ந்திருந்தால் கேடோ பானையாக இருக்க நிறைய வாய்ப்பு.

தோண்ட மட்டும் வேண்டாம். சொந்த நிலம்தான், சரி. ஆனால் முழுப் பானைகள் பெரும்பாலும் கல்லறைகளில்தான் இருக்கும். அடையாளமில்லாத கல்லறையையும் டெக்சஸ் சட்டம் பாதுகாக்கிறது. ஓக்லஹோமாவில் பூர்வகுடிகளின் கல்லறைகள் இருந்த ஸ்பைரோ மேட்டை 1933 முதல் 1935 வரை குத்தகைக்கு எடுத்துத் தோண்டிச் சிதைத்த கதையைத் தேடிப் படியுங்கள், வயிறு எரியும்.

கிடைத்த இடத்தை வரைபடத்தில் குறித்து, அளவுகோல் வைத்துப் படமெடுத்து, டெக்சஸ் வரலாற்று ஆணையத்துக்கு அனுப்புங்கள். அவர்களிடம் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். எலும்பு தென்பட்டால் கை வைக்காமல் உடனே ஷெரிப்புக்கு (உள்ளூர்க் காவல் அதிகாரி) சொல்லுங்கள். கேடோ மக்களின் நிர்வாக அமைப்பான கேடோ நேஷன் இன்றும் ஓக்லஹோமாவின் பிங்கரில் இயங்குகிறது. அவர்களுக்கும் ஒரு மடல் போடலாம். படங்களை இங்கே போடும்போது இடத்தின் பெயரை மறைத்துவிடுங்கள்.