டீச்சர், அங்கே மைனஸ் விட்டுப்போச்சு

அன்புள்ள சார்,

படிப்பை முடித்துவிட்டு நிரந்தர வேலைக்குக் காத்திருக்கிறேன். இப்போதைக்கு, எந்த ஆசிரியராவது லீவு போட்டால் அவர் வகுப்பைப் பார்த்துக்கொள்ளக் கூப்பிடுவார்கள், போவேன். போன வாரம் பத்தாம் வகுப்பு, கணக்கு, தொடர்ந்து மூன்று நாள். வழக்கம்போல வயிற்றைக் கலக்கிக்கொண்டுதான் போனேன். கதவருகே போகும்போதே சத்தம் இல்லை, உள்ளே யாருமே இல்லையோ என்று நினைத்தேன். பார்த்தால் 38 பேரும் நோட்டைத் திறந்துவைத்து முந்தின நாள் கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒரு பையன் எழுந்து, எந்தப் பக்கம் வரை நடந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான். யாரும் பெயரை மாற்றிச் சொல்லி ஏமாற்றவில்லை, தண்ணீர் குடிக்க என்று வரிசையாகக் கிளம்பவும் இல்லை. இரண்டாம் நாள் போர்டில் ஒரு மைனஸை விட்டுவிட்டேன். கடைசி பெஞ்சில் ஜன்னலோரம் இருந்த பெண், "டீச்சர், அங்கே மைனஸ் விட்டுப்போச்சு" என்றாள். நாலைந்து பேர் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், அவ்வளவுதான்.

சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு ஒரு சந்தேகம். இவர்கள் நல்ல பிள்ளைகளா, இல்லை பயந்த பிள்ளைகளா? அப்புறம், சொல்லவே வெட்கமாக இருக்கிறது, அங்கே நான் தேவைப்படவே இல்லையோ?

ச.

அன்புள்ள ச.,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். ஆமாம், நீங்கள் பெரிதாகத் தேவைப்படவில்லை. சப்ஸ்டிட்யூட்டாகப் போகிற ஒருவருக்கு இதைவிட நல்ல வாரம் அமையாது, அனுபவியுங்கள்.

பயமா என்ற கேள்விக்கு உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. நீங்களே எழுதிவிட்டு நீங்களே கவனிக்காமல் தாண்டிப் போயிருக்கிறீர்கள். நானும் ஒரு காலத்தில் ஒரு வருடம் இதே வேலை பார்த்தவன்தான். எனக்கும் இப்படி ஒரு வகுப்பு கிடைத்தது, 40 பேர், குண்டூசி போட்டால் கேட்கும். பெருக்கினால் 6 வர வேண்டும், கூட்டினால் மைனஸ் 5 வர வேண்டும், அந்த இரண்டு எண்கள் என்ன என்று கேட்டேன். கேட்ட கையோடு நானே 2, 3 என்று போர்டில் எழுதிவிட்டு, "புரிஞ்சுதா?" என்று ஒரு வார்த்தை, அடுத்த கணக்குக்குப் போய்விட்டேன். 40 பேரும் எழுதிக்கொண்டார்கள். அரைமணி நேரம் கழித்து விடையைச் சரிபார்க்கும்போதுதான் எனக்கே உறைத்தது, இரண்டுக்கும் மைனஸ் வர வேண்டும் என்று.

அதுகூடப் பெரிய விஷயமில்லை. பதறிப்போய் பெஞ்சு பெஞ்சாக நோட்டைப் பார்த்துக்கொண்டே வந்தேனா, முதல் பெஞ்சில் ஒரு பெண்ணின் நோட்டில் மைனஸ் 2, மைனஸ் 3 என்று பென்சிலில் எழுதி அழித்த தடம் இருந்தது. அதன்மேலேயே பேனாவால், என் தப்பு விடை, அழகான கையெழுத்தில். ஏம்மா சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க போட்டா சரியாத்தான் இருக்கும்னு…" என்று இழுத்தாள். அன்று ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் அந்த வகுப்பைப் புகழ்ந்தார்கள், நான் வாயைத் திறக்கவில்லை.

உங்கள் பத்தாம் வகுப்பில் ஒரு பெண் கடைசி பெஞ்சிலிருந்து கையைக்கூடத் தூக்காமல் தப்பைச் சொல்கிறாள், நாலு பேர் சிரிக்கிறார்கள், சிரித்தவர்கள் உடனே வேலைக்குத் திரும்புகிறார்கள். பயந்த வகுப்பில் இது நடக்காது. அங்கே சிரிப்பு வந்தால் அடக்கிக்கொள்வார்கள், இல்லையென்றால் அடங்கவே அடங்காது.

சரி, லீவில் போன அந்த டீச்சர் என்ன செய்துவைத்திருக்கிறார்? ஜேக்கப் கூனின் என்று ஓர் அமெரிக்க உளவியலாளர். கல்லூரி வகுப்பில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவரை அவர் ஒருமுறை கண்டித்தார். தப்பே செய்யாத மற்றவர்களும் சட்டென்று மாறிப்போனதைப் பார்த்து, கண்டிப்பதில் ஏதோ சூட்சுமம் இருக்கிறது என்று ஆராய்ச்சியில் இறங்கினார். வகுப்புகளை வீடியோ எடுத்தெல்லாம் பார்த்துவிட்டு 1970-இல் வெளியிட்ட முடிவு அவர் எதிர்பார்த்ததற்கு நேர் எதிர். தப்பு நடந்த பிறகு எப்படிக் கண்டிக்கிறோம் என்பதால் பெரிய வித்தியாசம் ஒன்றும் வரவில்லை. அறையில் எந்த மூலையில் என்ன நடக்கிறது என்று ஆசிரியருக்குத் தெரிந்திருப்பது, அது அவருக்குத் தெரியும் என்று பிள்ளைகளுக்கும் தெரிந்திருப்பது, ஒரு வேலையிலிருந்து அடுத்ததற்கு இழுபறி இல்லாமல் போவது, இவைதான் வகுப்பைப் பிடித்து நிறுத்துகின்றன. மூன்று நாளைக்கு வந்து போகிறவருக்கு இதில் ஒன்றும் கைகூடாது. நீங்கள் பார்த்தது முழுக்க அவர் பல மாதம் நூற்று வைத்த நூல். வந்தவுடன் முந்தின நாள் கணக்கை எடுப்பது என்று ஒரு பழக்கம் இருக்கிறதே, அதற்கு எதிரில் டீச்சர் நிற்க வேண்டிய அவசியம்கூட இல்லை. (எந்தப் பக்கம் வரை என்று சொன்ன பையனுக்கும் யாரோ பழக்கியிருப்பார்கள். பதினைந்து வயதில் அதெல்லாம் தானாக வராது, எனக்கு வந்ததில்லை.)

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ஒன்று. அமைதியான வகுப்பில் நமக்குத்தான் வாய் சும்மா இருக்காது. மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் கணக்கெடுத்துப் பார்த்தார்: கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் பதிலுக்குக் காத்திருந்தது சராசரியாக ஒரு நொடிதான். அதை மூன்று நொடியாக நீட்டியபோது பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். என் 40 பேர் மேல் பழி போட்டுப் பல வருடம் திரிந்தவன் நான். அந்த "புரிஞ்சுதா?"வுக்கு அப்புறம் மூன்று நொடி வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் பென்சில் பெண் ஒருவேளை சொல்லியிருப்பாள்.

கிளம்பும்போது அந்த டீச்சருக்கு, "கிளாஸ் ரொம்ப நல்லா இருந்தாங்க" என்று ஒரு சீட்டு எழுதிவைத்திருப்பீர்கள். போதாது. மைனஸ் கதையை முழுசாக எழுதி அனுப்புங்கள். பெண்ணின் பெயர் ஞாபகம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கடைசி பெஞ்சு, ஜன்னலோரம் என்று எழுதினால் போதும். அவருக்குத் தெரியும்.