ஜிபிஎஸ் காட்டுவது வள்ளத்தின் வேகம்தானா?

குளச்சலிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "புதிதாக ஃபைபர் வள்ளம் இறக்கி, 9.9 குதிரைசக்தி எஞ்சின் பூட்டியிருக்கிறேன். ஆவணியில் ஒரு நாள் முட்டம் பக்கமாக ஓடும்போது கைப்பேசி ஜிபிஎஸ் 9.2 நாட் காட்டியது. ஆக்சிலரேட்டரைத் தொடாமல் அப்படியே திருப்பிக்கொண்டு வந்தேன், 7.4தான் காட்டியது. விற்றவர் ஒன்பதுக்குக் குறையாது என்று சொல்லியிருந்தார். கோளாறு எஞ்சினிலா, ஜிபிஎஸ்ஸிலா? என் வள்ளத்தின் உண்மையான வேகம் எது?"

கோளாறு இரண்டிலும் இல்லை. உங்கள் வள்ளத்தின் வேகம் ஏறத்தாழ 8.3 நாட் (ஒரு நாட் என்பது மணிக்குச் சுமார் 1.85 கிலோமீட்டர்). மீதி 0.9 நாட் கடலுடையது. போகும்போது கொடுத்தது, வரும்போது பிடுங்கிக்கொண்டது. விற்றவர் பொய் சொன்னார் என்றும் சொல்ல மாட்டேன். நீரோட்டத்தோடு ஓட்டிப் பார்த்த எண்ணை உங்களிடம் சொல்லியிருப்பார்.

ஜிபிஎஸ்ஸுக்குத் தண்ணீர் தெரியாது. பூமியில் இந்த நொடி எங்கே இருக்கிறீர்கள், எவ்வளவு வேகமாக இடம் மாறுகிறீர்கள் என்பது மட்டுமே அதற்குத் தெரியும். எஞ்சினை அணைத்துவிட்டுச் சும்மா கிடந்தால்கூட நீரோட்டம் வள்ளத்தை இழுத்துப் போகும் வேகத்தை அது காட்டும். எஞ்சினுக்கும் புரொப்பெல்லருக்கும் இதற்கு நேர்மாறாகக் கரை தெரியாது. அவை தள்ளுவது தண்ணீரை. ஆகவே எஞ்சின் நன்றாக இழுக்கிறதா, புரொப்பெல்லர் பொருந்துகிறதா என்று பார்க்க நீருக்கு எதிரான வேகம் வேண்டும். எத்தனை மணிக்குக் கரை சேர்வோம், எண்ணெய் போதுமா என்று பார்க்க நிலத்துக்கு எதிரான வேகம் வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றாக்கிக் குழம்பிய அனுபவம் எனக்கும் உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு பக்கமாக மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டு, நல்ல புரொப்பெல்லர் ஒன்றைக் கழற்றி மாற்றினேன். புதியதும் அதே எண்ணைக் காட்டியபோதுதான் கடலைத் திரும்பிப் பார்த்தேன்.

உங்கள் கணக்கில் போகும்போது கூடியதற்குக் காரணம் பருவம். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் நம் மேற்குக் கரையோர நீரோட்டம் பெரும்பாலும் தெற்கே இறங்கி, குமரிமுனையைச் சுற்றிக் கிழக்கே போகும். முட்டம் குளச்சலுக்குத் தென்கிழக்கே இருப்பதால், அங்கே போவது அதன் போக்கோடு போவது. வடகிழக்குப் பருவத்தில் இது திரும்பிவிடும். மார்கழியில் இதே சோதனையைச் செய்தால் முட்டம் போகும்போது குறைந்தும் திரும்பும்போது கூடியும் காட்டினால் ஆச்சரியப்படாதீர்கள். கடலோரத்தில் நீவாடு (நீரோட்டம்) பார்த்து வலை விடுகிறவர்களுக்கு இதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்த அறிவை ஜிபிஎஸ் எண்ணோடு சேர்த்துப் படிக்க வேண்டும், அவ்வளவுதான்.

இனி அளக்கும் முறை. காலையில் காற்று எழுவதற்கு முன் போங்கள். நீரோட்டம் போகிற திசையிலும் அதற்கு எதிரிலுமாக, கரைக்கு இணையாக ஓடுங்கள். ஆழம் குறைந்த இடம் வேண்டாம். தரை அருகில் இருந்தால் வள்ளம் இழுபடும். ஆள், வலை, ஐஸ், எண்ணெய் எதையும் இடையில் ஏற்றி இறக்காதீர்கள். ஆக்சிலரேட்டரை ஓரிடத்தில் நிறுத்தி, வேகம் நிலைத்தபின் இரண்டு மூன்று நிமிடம் ஓடி, எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அகலமாகத் திரும்பி, மறுபடி வேகம் நிலைக்க விட்டு, எதிர்த்திசையில் அதே நேரம். அணியம் (வள்ளத்தின் முன்முனை) திசைகாட்டியின் ஒரே எண்ணை நோக்கி இருக்கட்டும். கரையில் தெரியும் கோபுரத்தைக் குறிவைத்து ஓட்டாதீர்கள். குறுக்கே நீர் இழுத்தால் உங்களை அறியாமலேயே வள்ளத்தைச் சாய்த்துப் பிடிப்பீர்கள், எண் குறைந்துவிடும்.

நீரோட்டம் நேரத்துக்கு நேரம் மாறும் என்பதால் மூன்று ஓட்டம் நல்லது: போய், வந்து, மறுபடி போய். நடு ஓட்டத்தை இரண்டு முறை கூட்டி நான்கால் வகுக்க வேண்டும். மூன்றாவது ஓட்டத்தில் உங்களுக்கு 9.0 வந்தது என்று வைத்துக்கொள்வோம். 9.2, 7.4, 7.4, 9.0 மொத்தம் 33. நான்கால் வகுத்தால் 8.25 நாட். காற்றின் தள்ளல் இந்தக் கணக்கில் முழுதாகக் கழிவதில்லை. காற்று எழுமுன் போகச் சொன்னது அதற்காகத்தான்.

இங்கே பலர் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. போக வர ஆன மொத்த தூரத்தை மொத்த நேரத்தால் வகுத்து, இதுதான் சராசரி என்பார்கள். தேங்காய்ப்பட்டணத்தில் குழித்துறை ஆறு கடலில் சேரும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மழைத் தண்ணீர் மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் இறங்குகிறது, வள்ளம் தண்ணீரில் 12 கிலோமீட்டர் ஓடும் என்று வைப்போம். ஒரு கிலோமீட்டர் கீழே போக 16 வேகம், 3 நிமிடம் 45 நொடி. மேலே ஏற 8 வேகம், 7 நிமிடம் 30 நொடி. இரண்டு கிலோமீட்டருக்கு 11 நிமிடம் 15 நொடி, மணிக்கு 10.7 கிலோமீட்டர்கூட வரவில்லை. 16க்கும் 8க்கும் நடு எடுத்தால் சரியாக 12. எதிர்நீரில் போராடும் நேரம் நீளம், ஒத்த நீரில் ஓடும் நேரம் குறைவு. அதனால்தான் முதல் கணக்கு வள்ளத்தின் வேகத்தைக் குறைத்துக் காட்டுகிறது. நேரத்தைச் சராசரி எடுக்காதீர்கள், வேகத்தை எடுங்கள்.

ஜிபிஎஸ் இல்லாமலும் பார்க்கலாம். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் கழுத்துவரை தண்ணீர் நிரப்பி மூடி இறுக்குங்கள். தலை மட்டும் வெளியே தெரியும்படி மிதக்கும். தெர்மாகோல் வேண்டாம், காற்று அள்ளிக்கொண்டு போகும். அணியத்தில் நிற்பவர் பாட்டிலைச் சற்று முன்னால் பக்கவாட்டில் போட வேண்டும். அது அணியத்தைத் தாண்டும்போது அவர் குரல் கொடுக்க, அமரத்தில் (பின்முனையில்) இருப்பவர் ஸ்டாப்வாட்ச்சை அழுத்தி, அமரத்தைத் தாண்டும்போது நிறுத்த வேண்டும். 9 மீட்டர் வள்ளத்தை 3 நொடியில் தாண்டினால் நொடிக்கு 3 மீட்டர், 1.94ஆல் பெருக்கினால் 5.8 நாட். பாட்டிலும் அதே நீரோட்டத்தில்தான் மிதக்கிறது என்பதால் கழிக்க எதுவும் இல்லை. உங்கள் 8.3 நாட்டில் இரண்டு நொடிதான் கிடைக்கும், கை தடுமாறும். ஐந்தாறு முறை போட்டு நடு எண்ணை எடுங்கள். பாட்டிலை மறக்காமல் பொறுக்கிக்கொண்டு வாருங்கள்.

நாட் (ஆங்கிலத்தில் முடிச்சு) என்ற சொல்லே இந்த வேலையிலிருந்து பிறந்ததுதான். மரப்பலகை கட்டிய கயிற்றைப் பாய்க்கப்பலின் பின்னால் ஓடவிட்டு, 28 நொடி மணற்கடிகாரம் வடிவதற்குள் எத்தனை முடிச்சு கையைத் தாண்டுகிறது என்று எண்ணினார்கள். முடிச்சுக்கு முடிச்சு 47 அடி 3 அங்குலம். இன்று ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர்.

எண்ணெய்க் கணக்குக்கு மட்டும் 8.3ஐ நம்ப வேண்டாம். மணிக்கு 6 லிட்டர் குடிக்கிற எஞ்சின் என்றால், 15 கடல் மைல் நீரோட்டத்தோடு போக 9.8 லிட்டர், எதிர்த்து வர 12.2 லிட்டர். போகும்போது செலவானதைப் பார்த்து மீதியை அளந்தால் திரும்பும் வழியில் ஏறத்தாழ 2.4 லிட்டர் குறையும். வலையும் மீனும் ஏறியபின் இன்னும் கூடுதலாகக் குறையும்.