கருப்பட்டிக் காப்பியும் லேஸ் விரிப்பும்

மதிப்பிற்குரிய அம்மா,

தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்து, இப்போது சென்னையில் கணினி நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். இரண்டு குழந்தைகள். என் பாட்டி வீட்டில் விடியற்காலை வேதவாசிப்பு, கருப்பட்டிக் காப்பி, மேசையில் வெள்ளை லேஸ் விரிப்பு, இரவில் பாமாலையோடு குடும்ப ஜெபம் என எல்லாவற்றிலும் ஓர் ஒழுங்கு இருந்தது. அமெரிக்கக் கிறிஸ்தவப் பெண்கள் வேலையை விட்டு, வீட்டில் ரொட்டி சுட்டுப் பிள்ளைகளை வளர்க்கும் காணொளிகளைப் பார்க்கும்போது கண் கலங்குகிறது. நம் முன்னோர் வாழ்ந்த அந்த வேதாகம வாழ்க்கையை நாம் தொலைத்துவிட்டோமா? நானும் வேலையை விட்டுவிடலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் களைப்பு உண்மையானது. இரவு ஒன்பது மணிக்கு வீடு திரும்பும் ஒருவருக்கு, எல்லோரும் பாயில் அமர்ந்து பாடிய அந்த இரவுகள் பெரிதாகத் தெரிவதில் வியப்பில்லை. ஆனால் ‘நம் முன்னோர்’ என்று நீங்கள் குறிப்பிடும் பெண்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதை, நீங்கள் நினைவுகூரும் பொருள்களைக் கொண்டே பார்க்க விரும்புகிறேன்.

தேரிக்காடு எனும் செம்மணல் பகுதியில் ஆண் பனையேறிப் பதநீர் இறக்கினான் என்றால், அதைக் கருப்பட்டியாக்கியவள் அவன் மனைவி. கோடை முழுவதும், பதநீர் காய்ச்சும் ஓலைக் குடிசையான விடிலிக்குள், உடைமுள்ளையும் பனைமட்டையையும் அடுப்பில் தள்ளியபடி அவள் மணிக்கணக்கில் நின்றாள். பதநீர் பொங்கும்போது ஆமணக்கு முத்தை நசுக்கிப் போட்டு நுரையை அடக்கி, பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பதம் பார்த்து, சிரட்டைகளில் ஊற்றினாள். அந்த விறகையும் பெரும்பாலும் அவளே வெட்டிச் சுமந்து வந்தாள். திருநெல்வேலித் திருச்சபையின் பெரும்பகுதி இத்தகைய பனையேறிக் குடும்பங்களால் ஆனது. வீட்டுக்குள் மட்டும் இருந்து குடும்பம் நடத்தும் வசதி அந்தப் பெண்களுக்கு ஒருநாளும் வாய்க்கவில்லை. ஆலயத்துக்குப் போன காணிக்கையிலும் பிள்ளைகளின் பள்ளிப் படிப்பிலும் அவர்களுடைய உழைப்பு இருந்தது.

லேஸ் விரிப்பின் வரலாறு இன்னும் என்னை நெகிழச் செய்வது. லண்டன் மிஷனரி சங்கத்தின் சார்லஸ் மால்ட்டுடன் 1819-இல் நாகர்கோவிலுக்கு வந்த அவருடைய மனைவி மார்த்தா மால்ட், தம் பள்ளிச் சிறுமிகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். திண்டின்மேல் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் கண் நோகும் வேலை அது. நாகர்கோவில் அன்று சேர்ந்திருந்த திருவிதாங்கூரில் அடிமைமுறை 1855 வரை சட்டப்படி நீடித்தது. அடிமைகளாகப் பிறந்த பெண்பிள்ளைகள் சிலர், இந்த லேஸ் விற்ற பணத்தைச் சேர்த்துத் தங்கள் விடுதலையை விலைகொடுத்து வாங்கினார்கள். மால்ட்டின் மகள் எலைசா 1844-இல் மிஷனரி ராபர்ட் கால்டுவெல்லை மணந்து, அவர் ஊழியம் செய்த இடையன்குடிக்கு வந்தபோது அந்தத் தொழிலும் அவரோடு வந்தது. பாட்டி வீட்டு மேசையில் அழகுக்காக விரிக்கப்பட்டிருந்தது, இப்படிப் பெண்கள் கூலிக்குப் பின்னிய சரக்குகளின் வழியில் வந்த ஒன்று.

நீங்கள் ஏங்கும் அமைதியான இல்லத்தின் சாயல் மிஷனரிகள் குடியிருந்த மிஷன் பங்களாக்களில் இருந்தது என்பது உண்மைதான். அங்கே சமையலுக்கும் பிள்ளை பார்ப்பதற்கும் ஆட்கள் இருந்தார்கள். அந்த ஆட்களும் நம் சபையின் ஏழைப் பெண்களாகவும் ஆண்களாகவும் இருந்திருப்பார்கள். அந்தப் பங்களாவின் எலைசா அம்மையாரும் சும்மா இருக்கவில்லை. பெண்கள் விடுதிப் பள்ளியை நடத்தினார். இதற்கு வெளியே, வேதப்புத்தகத்தைக் கையிலெடுத்து ஊர் ஊராக நடந்து, சம்பளம் பெற்று ஊழியம் செய்த வேதாகம ஸ்திரீகள் இருந்தார்கள். அவர்களில் பலர் விதவைகள்.

வேதாகம வாழ்க்கை என்கிறீர்கள். திருமண ஆராதனைகளில் வாசிக்கப்படும் நீதிமொழிகள் 31-ஆம் அதிகாரத்தின் குணசாலியான ஸ்திரீயைக் கடைசி வரை வாசியுங்கள். அவள் ஒரு வயலை விசாரித்து வாங்குகிறாள், தன் சம்பாத்தியத்தில் திராட்சத்தோட்டம் நாட்டுகிறாள், கச்சைகளை வர்த்தகரிடம் ஒப்புவிக்கிறாள். பிரசங்கங்களில் அவளுடைய அடுக்களையைப் பற்றிப் பேசிவிட்டு வயலை விட்டுவிடுகிறவர்களிடம் எனக்குக் கடும் வருத்தம் உண்டு.

காணொளிப் பெண்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ரொட்டி சுடுவதைப் படம்பிடித்து வெளியிடுவது அவர்களில் பலருக்கு வருமானம் தரும் தொழில்.

வேலையை விடுவதா என்பது உங்கள் முடிவு. குழந்தைகளோடு சில ஆண்டுகள் இருக்க விரும்பினால் அதில் குற்றம் எதுவும் இல்லை, தயங்காமல் இருங்கள். ஆனால் முன்னோர்களின் நெறியிலிருந்து வழுவிவிட்டோம் என்ற பயத்தில் அதைச் செய்ய வேண்டாம். உங்களுக்குக் குறைவது நேரமும் துணைக்கு ஆட்களும் என்றே உங்கள் கடிதத்தை வாசித்தபோது தோன்றியது. வீட்டு வேலைகளில் உங்கள் கணவர் எதை ஏற்றுக்கொள்வார், இரவுச் சமையலா, பிள்ளைகளின் பாடமா என்று முதலில் அவரோடு உட்கார்ந்து பேசுங்கள். குடும்ப ஜெபத்தை மாதக்கணக்கில் தள்ளிப்போடாமல், வாரத்தில் இரண்டு இரவுகளாவது அவரே நடத்தட்டும். அதன் பிறகும் விடுவதென்று முடிவெடுத்தால், உங்கள் பெயரில் இருக்கும் சேமிப்பையும் வருங்கால வைப்பு நிதியையும் உங்கள் பெயரிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்.